நாலாயிரம் படம், ஐந்து ஹார்ட் டிஸ்க்: ஃபோல்டரா, டேக்கா?

கேள்வியின் சாரம் இது: "சுமார் 4,000 படங்கள் ஐந்து வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்த நானே ஒரு செயலி எழுதுகிறேன். 'தொகுப்பு' என்ற வசதியை ஃபோல்டர் போல அமைப்பதா, டேக் (ஒட்டி வைக்கும் பெயர்ச்சீட்டு) போல அமைப்பதா?"

அந்தக் கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: உங்கள் செயலியில் 'ஒரு படம்' என்றால் என்ன? நான் இந்த வசதியை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதனால்தான் இரண்டாவது முறை எழுத வேண்டி வந்தது.

என் தொகுப்பிலிருந்தே ஓர் உதாரணம். 'கர்ணன்' என்ற பெயரில் என்னிடம் ஆறு கோப்புகள். பி.ஆர்.பந்துலு இயக்கிய 1964 படம் டிவிடியிலிருந்து எடுத்தது ஒன்று. அதே படம் பழைய விசிடியிலிருந்து மூன்று துண்டுகளாக. அதே படத்தை டிஜிட்டலில் மெருகேற்றி 2012-ல் மறுபடியும் தியேட்டரில் விட்டார்களே, அது ஒன்று. கடைசியாக மாரி செல்வராஜின் 2021 'கர்ணன்'. மனிதக் கண்ணுக்கு இது இரண்டு படம். செயலிக்கு ஆறு வரி. அதிலும் '2012' என்று பெயரிட்ட கோப்புதான் வில்லங்கம். பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடும் செயலி, அந்த வருடத்தில் அப்படி ஒரு படம் இல்லை என்று கைவிரிக்கும். இல்லாவிட்டால் வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிடைத்த முதல் கர்ணனின் போஸ்டரை ஒட்டிவிடும். என் வீட்டில் இரண்டாவதுதான் நடந்தது. உள்ளே சிவாஜி, அட்டையில் தனுஷ்.

ஆகவே மூன்று அடுக்கு வையுங்கள்: படைப்பு, பதிப்பு, கோப்பு. 1964 கர்ணன் ஒரு படைப்பு. அதன் டிவிடி, விசிடி, 2012 மெருகேற்றல் மூன்றும் மூன்று பதிப்புகள். விசிடி என்ற ஒரே பதிப்புக்குக் கீழே மூன்று கோப்புகள். ஒரு வட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் நம் ஊர்ப் படங்கள் இரண்டு மூன்று வட்டாகத்தான் வந்தன. 'ஒரு பதிப்புக்கு ஒரு கோப்பு' என்று எழுதிவிட்டால் இந்த இடத்திலேயே இடிக்கும்.

எந்தத் தகவலை எந்த அடுக்கில் தொங்கவிடுவது என்பதில்தான் யோசனை தேவை. இயக்குநர், நடிகர், கதை வகை, நீங்கள் போட்ட மதிப்பெண் எல்லாம் படைப்பில். ஓடும் நேரம், ஒலி மொழிகள், சப்டைட்டில், வெட்டு விவரம் ஆகியவை பதிப்பில். டிஸ்க், பாதை, அளவு, கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) எல்லாம் கோப்பில். 'பார்த்தாயிற்று' என்ற குறி படைப்புக்கு. ஆனால் 'எந்த நிமிடத்தில் நிறுத்தினேன்' என்பது பதிப்புக்கு. இரண்டு பதிப்புகளின் நீளம் வேறு வேறு என்றால், ஒன்றில் நிறுத்திய இடம் இன்னொன்றில் வேறு காட்சி. இதைப் படைப்பில் வைத்துவிட்டு, பாட்டின் நடுவில் போய் விழுந்து நான் முழித்திருக்கிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 1998-லேயே படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, பிரதி என்று நான்கு அடுக்காகப் பிரித்தது. திரைப்பட ஆவணக் காப்பகங்களின் கூட்டமைப்பான ஃபியாஃப் 2016-ல் வெளியிட்ட பட்டியலிடும் கையேடும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. காப்பகத்துக்கு நான்கு தேவை. வீட்டுக்கு மூன்று போதும், அதற்கு மேல் போனால் தரவு நிரப்புவதிலேயே ஆயுள் போய்விடும்.

அடுத்த சிக்கல் மொழி. இங்கே வெளிநாட்டுச் செயலிகள் நம் சினிமாவிடம் தடுமாறுவதைப் பார்க்கலாம். 'ரோஜா' 1992-ல் தமிழில் வந்தது, பிறகு இந்தியில் டப் ஆனது. இது ஒரே படைப்பு, ஒலி மட்டும் வேறு, ஆகவே இரண்டு பதிப்பு. 2004-ல் வந்த 'ஆயுத எழுத்து', 'யுவா' அப்படியல்ல. கதை ஒன்று, இயக்குநர் ஒருவர், ஆனால் தமிழில் சூர்யா, மாதவன், சித்தார்த். இந்தியில் அஜய் தேவ்கன், அபிஷேக் பச்சன், விவேக் ஓபராய். தனித்தனியாகப் படமாக்கியவை, ஆகவே இரண்டு படைப்புகள். 1957-ன் 'மாயா பஜார்' இன்னும் வேடிக்கை: தமிழிலும் தெலுங்கிலும் பெயர் ஒன்றே, வருடமும் ஒன்றே, இயக்குநரும் கே.வி.ரெட்டியே. அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். பெயரும் வருடமும் சேர்ந்தால் ஒரு படத்தை அடையாளம் காட்டிவிடும் என்று நம்பி எழுதிய நிரல் எல்லாம் இங்கே படுத்துவிடும்.

நான் வைத்திருக்கும் விதி எளியது: ஒலி மட்டும் மாறினால் பதிப்பு, நடித்த முகம் மாறினால் படைப்பு. அப்படிப் பிரிந்த படைப்புகளை இணைக்க 'உறவு' என்று தனி அட்டவணை வையுங்கள்: இருமொழி உடன்பிறப்பு, ரீமேக், தொடர்ச்சி. 1978 'டான்', 1980 'பில்லா', 2007 'பில்லா' மூன்றையும் இதில் கோத்துவிடலாம். எந்த ஃபோல்டரிலும் இது வராது.

சரி, இப்போது ஃபோல்டரா டேக்கா. ஃபோல்டர் என்பது அலமாரித் தட்டு. ஒரு பொருள் ஒரு தட்டில்தான் இருக்கும். 'ரஜினி' தட்டில் வைத்தால் '1980கள்' தட்டில் இருக்காது. நூலகங்கள் மல்லுக்கட்டிய பிரச்சினைதான் இது. அதற்கு விடை சொன்னவர்களில் முக்கியமானவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்ததும், நாலைந்து துண்டுகளை வைத்து எத்தனையோ உருவம் செய்யலாமே என்று பொறி தட்டியதாகச் சொல்வார்கள். 1933-ல் வந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்துச் சேர்த்தெழுதியது. இன்று ஷாப்பிங் தளங்களில் இடப்பக்கம் வரிசையாக நிற்கும் வடிகட்டிகளுக்கும் அடிப்படை அதே எண்ணம்தான்.

உங்களுக்குத் தேவையான முகங்கள் அதிகமில்லை: பத்தாண்டு, மொழி, இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர், வகை, தரம், எந்த டிஸ்க். ஒரே முகத்துக்குள் இரண்டைத் தேர்ந்தால் 'அல்லது', வெவ்வேறு முகங்களில் தேர்ந்தால் 'மற்றும்'. இளையராஜா அல்லது எம்.எஸ்.வி, மற்றும் 1970கள். பயனர் இதை யோசிக்கவே மாட்டார், அவர் எதிர்பார்ப்பதே இதுதான். ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் எண்ணிக்கை காட்டுங்கள். பூஜ்யம் வரப்போவதை மங்கலாக்குங்கள். மூன்று வடிகட்டி போட்டு வெற்றுத் திரை வந்து நின்றால், மனிதர் செயலியை மூடிவிட்டு ஃபோல்டருக்கே திரும்பிப் போய்விடுவார்.

முகங்களின் மதிப்புகளை யாரும் கையால் அடிக்கும்படி விடாதீர்கள். விட்டால் ஆறே மாதத்தில் நகைச்சுவை, காமெடி, காமடி என்று மூன்று வகை முளைக்கும். ஆட்களுக்கும் இதே கதி: எம்.ஜி.ஆர், எம்.ஜி.ஆர்., எம்.ஜி.இராமச்சந்திரன். ஆள் என்பது ஓர் அடையாள எண், அதற்குப் பல பெயர்கள் என்று வையுங்கள். மனம்போன போக்கில் ஒட்டும் டேக்குகளுக்குத் தனி இடம் கொடுங்கள்: 'அப்பாவோடு பார்த்தது', 'குழந்தைகள் தூங்கிய பிறகு'. இந்த டேக்குகளும் முகங்களின் மதிப்புகளும் கலக்கக் கூடாது.

அப்படியானால் 'தொகுப்பு' எங்கே வருகிறது? அது இரண்டு வகை. ஒன்று, சேமித்து வைத்த கேள்வி: 'மொழி தமிழ், 1950கள், இன்னும் பார்க்காதவை'. படம் சேரச் சேரத் தானே நிறையும். இன்னொன்று கையால் பொறுக்கி, கையால் வரிசைப்படுத்திய பட்டியல். பொங்கலுக்கு ஊரிலிருந்து வருபவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒதுக்கிய பன்னிரண்டு படம் போல. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் உள்ளே வேறு வேறாக இருக்கட்டும். கேள்வி வகைக்கு இரண்டு சலுகை மட்டும் கொடுங்கள்: 'விதிக்கு வராவிட்டாலும் இதைச் சேர்', 'விதிக்கு வந்தாலும் இதை விடு'. இது இல்லாததால்தான் பலர் நல்ல விதியை விட்டுவிட்டுக் கையால் முந்நூறு படத்தைத் தேர்ந்து கொண்டிருக்கிறார்கள்.

இனி வலித்துக் கற்ற பாடம். பல வருடங்களுக்கு முன் ஒரு செயலியில் (பெயர் வேண்டாம்) என் மொத்தத் தொகுப்பும் இருந்தது. ஒருநாள் இரண்டு டிஸ்க்கைச் செருகாமலே 'நூலகத்தைச் சுத்தம் செய்' என்ற பொத்தானை அழுத்தினேன். கோப்பைக் காணோம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அது துடைத்தெறிந்தது. கோப்புகள் பத்திரமாக டிஸ்க்கில் இருந்தன. போனது நான் போட்ட மதிப்பெண்களும், பார்த்த குறிகளும், குறிப்புகளும். ஏழு வருடத்து வேலை. திரும்பி டிஸ்க்கைச் செருகியபோது எல்லாப் படங்களும் புதுப் படங்களாக வந்து நின்றன.

அதிலிருந்து இரண்டு விதி. முதலாவது, கோப்பு காணாமல் போனால் கோப்பு வரியில் 'இப்போது செருகப்படவில்லை' என்று மட்டும் குறியுங்கள். பதிப்பையும் படைப்பையும் தொடவே கூடாது. மூன்றடுக்குப் பிரிவினை இங்கேதான் சோறு போடுகிறது. டிஸ்க்கை அதன் வால்யூம் அடையாள எண்ணால் நினைவில் வையுங்கள், டிரைவ் எழுத்தால் அல்ல. இன்று 'இ' என்று வந்தது நாளை 'எஃப்' என்று வரும். டிஸ்க்குக்கு ஒரு செல்லப்பெயரும் வைக்க விடுங்கள். 'நீலப் பை, பீரோ மேல்தட்டு' என்று திரையில் தெரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் உபயோகம்.

இரண்டாவது, ஒவ்வொரு தகவலோடும் அதைச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து வையுங்கள்: கோப்பின் பெயரா, இணையத் தரவுதளமா, பயனரா. பயனர் கையால் திருத்தியதை இயந்திரம் எந்தக் காலத்திலும் மேலெழுதக் கூடாது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்ற படத்தொகுப்புச் செயலிகள் இரண்டிலும் பெயர், வருடம் போன்ற ஒவ்வொரு தகவல் புலத்துக்கும் பூட்டுப் போடும் வசதி உண்டு. உங்கள் செயலியில் பூட்டு தனியாகத் தேவையில்லை. பயனர் தொட்டாலே பூட்டியதாகக் கொள்ளுங்கள். பழைய தமிழ்ப் படத்துக்கு இசையமைப்பாளர் பெயரைத் தேடிப்பிடித்து ஒருவர் போட்டிருப்பார். இரவில் ஓடும் 'புதுப்பிப்பு' அதை வெற்றிடமாக்கிவிட்டால் அவர் இனி எதையும் திருத்த மாட்டார்.

கோப்பைப் படத்தோடு பொருத்தும் வேலையில் மூன்று கூடை வையுங்கள்: உறுதி, சந்தேகம், தெரியவில்லை. சந்தேகக் கூடையை ஒளிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விசைப்பலகையிலேயே மளமளவென்று தள்ளும்படி செய்யுங்கள்: எண் 1 அடித்தால் முதல் ஊகம், 2 அடித்தால் அடுத்தது, இடைவெளி விசை அடித்தால் பிறகு பார்க்கலாம். வருடத்தில் ஒன்று கூடக் குறைய விடுங்கள். 'விசாரணை' வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது 2015 செப்டம்பரில், நம் தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரியில். இரண்டு வருடத்தில் எதைப் போட்டாலும் தப்பில்லை. ஓடும் நேரம் நல்ல சாட்சி, ஆனால் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகளில் நொடிக்கு 24 ஃபிரேம் 25 ஆக ஓடுவதால் நீளம் நான்கு சதவீதம் சுருங்கும்: 160 நிமிடப் படம் 153 நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். அது வெட்டிய பதிப்பு இல்லை. இந்தக் கணக்கை நிரலில் சேர்த்துவிட்டால் போலிச் சந்தேகங்கள் பாதி குறையும்.

கோப்பு இடம் மாறியதா, புதிதா என்று அறிய முழுக் கோப்பையும் படிக்க வேண்டாம். 40 ஜிபி கோப்பை யூஎஸ்பி வழியாகப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். கோப்பின் அளவு, முதல் 64 கேபி, கடைசி 64 கேபி, இவற்றைக் கூட்டி ஒரு கைரேகை எடுங்கள். ஓப்பன்சப்டைட்டில்ஸ் என்ற தளம் சப்டைட்டில் தேடலுக்குப் பயன்படுத்தும் உத்தி இதுவே. அதையே எடுத்தால் சப்டைட்டில் தேடலும் இலவசமாகக் கிடைக்கும்.

இனி தமிழ். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தமிழர் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுதளத்தின் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடலைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். போட்டுவிட்டு 'கூலி' என்று தேடிப் பாருங்கள். 'காலா' வந்து நிற்கும். ரஜினி படம் என்பதால் அல்ல. அதன் இயல்பான சொல்பிரிப்பான், எழுத்து, எண் என்று யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம்) பிரித்த வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் துணைக்கால், கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் 'குறி' என்ற வகை. அவை அதற்கு இடைவெளி மாதிரி. ஆகவே கூலியும் 'க', 'ல', காலாவும் 'க', 'ல'. சொல்பிரிப்பானின் வகைப் பட்டியலில் குறிகளையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும், ஒரு வரி அமைப்புதான். அல்லது எஃப்டிஎஸ்ஸே வேண்டாம். 4,000 வரியில் சாதாரணமாக வரி வரியாகத் தேடினாலும் கண்ணிமைக்கும் நேரம்தான்.

அடுத்தது 'பொன்'. ஒகர உயிர்மெய்யின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்றும் துணைக்கால் ஒன்றுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். மேக்கில் வைத்த கோப்பை லினக்ஸில் தேடினால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும், கண்ணெதிரே அது இருக்கும். உள்ளே வரும் எல்லாப் பெயரையும், தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

அகர வரிசையை யூனிகோட் எண் வரிசையிடம் விட்டால் தப்பாக வரும். நம் அகராதியில் வகரத்துக்குப் பிறகுதான் ழகரம், ஆகவே 'பவளக்கொடி' முன்னால், 'பழனி' பின்னால். யூனிகோடில் ழகரம் முந்திக்கொள்ளும். அகராதியில் க் என்ற மெய் க-வுக்கு முன், ஆகவே 'பக்த சேதா' முந்தியும் 'பகல் நிலவு' பிந்தியும் வர வேண்டும். யூனிகோடில் புள்ளியின் எண் பெரிது என்பதால் தலைகீழாகும். ஐசியு என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் தமிழ் வரிசைமுறையைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே அடியில் தீரும்.

இதெல்லாம் சரி, ஆனால் உங்கள் கோப்புப் பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தில்தானே இருக்கும்? 'திருவிளையாடல்' என்பதை நான்கு பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். தகரத்துக்கு 'டி' மட்டும் போடுபவர், 'டி-எச்' போடுபவர். ளகரத்துக்கு ஒரு 'எல்' போடுபவர், இரண்டு போடுபவர். நான் செய்வது: பெயரிலிருந்து உயிரெழுத்துகளை உருவிவிட்டு, இரட்டித்த எழுத்தை ஒன்றாக்கி, 'எச்'சைத் தூக்கிவிட்டு, மெய்களின் எலும்புக்கூட்டை மட்டும் ஒரு தனிப் புலத்தில் வைப்பது. தமிழ்த் தலைப்பிலிருந்தும் அதே எலும்புக்கூட்டைச் செய்து ஒப்பிடலாம். தவறான பொருத்தமும் வரும்தான். அதற்குத்தான் சந்தேகக் கூடை.

மற்றவை சில வார்த்தையில். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 4,000 என்பது தரவுதளத்துக்குக் கொசு. திணறுவது போஸ்டர்களால், சிறிய படங்களை ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள். படத் தகவலுக்கு டிஎம்டிபி என்ற இணையத் தரவுதளம் போதும், அவர்கள் பெயரைச் செயலியில் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. கோப்புகளுக்கு மறுபெயரிடும் வசதியை முதல் பதிப்பில் வைக்காதீர்கள். பிறகு வைத்தாலும் முன்னோட்டம் காட்டி, பழைய பெயரை எழுதி வைத்து, திரும்பப் பெறும் வழியோடு வையுங்கள். தமிழில் மறுபெயரிட்டால் இன்னொன்றும் உண்டு: லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4-ல் பெயருக்கு 255 பைட்தான், யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 85 குறியில் முடிந்துவிடும், அதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் கணக்கு. பயனர் கையால் போட்ட எல்லாவற்றையும் தினமும் ஒரு வெற்று உரைக் கோப்பாக வேறொரு டிஸ்க்கில் எழுதி வையுங்கள். என் ஏழு வருடத்துக்கு அன்று அப்படி ஒன்று இருக்கவில்லை.

சோதனைக்கு 4,000 படத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. கர்ணன் ஆறு கோப்பு, மாயா பஜார் இரண்டு மொழி, ரோஜா இரண்டு ஒலி, ஆயுத எழுத்தோடு யுவா, விக்ரம் 1986-ம் 2022-ம், அபூர்வ சகோதரர்கள் 1949-ம் 1989-ம், விசாரணை ஒன்று 2015 என்றும் ஒன்று 2016 என்றும் பெயரிட்டு, பிறகு கூலி, காலா. ஏற்றி முடித்ததும் பாதி டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்கேன் ஓட்டுங்கள். பிறகு செருகுங்கள். மதிப்பெண்கள் அப்படியே இருந்து, சிவாஜி படத்தில் சிவாஜியே இருந்தால், மீதி டிஸ்க்குகளைக் கொண்டுவரலாம்.